கோவிந்தசாமி (எ) மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் சோப்பு வரும், பற்பசை வரும், பைக் வரும். எதற்கும் பெயர் இருக்காது. நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கின் பெயரும் வராது, என் கதையை வெளியிட்ட இணைய இதழின் பெயரும் வராது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. ஒரே ஒரு கடையின் பெயர் மட்டும் வரும். அதற்கு அந்தக் கடைக்காரரிடம் நான் அனுமதி வாங்கவில்லை. அவர்தான் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மிடியில் வீடு, தருமபுரியில் வேலை. கம்ப்யூட்டர் லேபில் பையன்களுக்கு டைப் அடிக்கவும், அடித்ததைத் திருத்தவும் சொல்லிக்கொடுப்பேன். பஸ்ஸில் போய் வருகிற நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கதை யோசிப்பேன். (ஜன்னலோரம் கிடைக்காத நாட்களில் தமிழ் இலக்கியம் கொஞ்சம் பின்தங்கியிருக்கும்.) எழுதியதையெல்லாம் இதழ்களுக்கு அனுப்பினேன். என்னை நிராகரிப்பதில் அவை எல்லாம் ஒற்றுமையாக இருந்தன.

அந்தச் சமயத்தில் தருமபுரியில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். மேடையில் பேசிய பெரியவர் ஒருவர், "ஒரு ஊரில் ஒரு கடையில் ஒருவன் என்று எழுதினால் வாசகன் எங்கே போய் உட்காருவான்? ஊருக்குப் பெயர் வையுங்கள், கடைக்குப் பெயர் வையுங்கள்" என்றார். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. அவர் சொன்னது சாம்பாருக்கு உப்புப் போடச் சொன்ன மாதிரி. நான் மூட்டையோடு கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு என் கதாநாயகன் சும்மா பல் தேய்ப்பதில்லை. இன்ன பற்பசையால் தேய்த்தான். இன்ன சோப்பில் குளித்து, இன்ன பவுடர் பூசி, இன்ன கம்பெனி பனியன் மேல் இன்ன கம்பெனி சட்டையைப் போட்டு, இன்ன பைக்கை உதைத்தான். அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் இரண்டு பக்கம் ஓடிவிடும். என்னோடு லேபில் வேலை பார்த்த தாமஸ்தான் என் முதல் வாசகன், பல கதைகளுக்குக் கடைசி வாசகனும் அவனே. படித்துவிட்டு, மளிகைக் கடைக்குப் போகும்போது இந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம், எதுவும் மறக்காது என்றான்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தாமஸும் ஒகேனக்கல் போனோம். பரிசல் துறைக்குப் போகிற வழியில், நீல பெயிண்ட் அடித்த ஒரு கடை. போர்டில் 'மணி மீன் கடை' என்று இருந்தது. வாசலில் புங்க மரம். அடுப்பின் முன்னால் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மீன் அருமையாக இருந்தது. நான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். முள்ளைக்கூட விடவில்லை என்று தாமஸ் இன்றைக்கும் சாட்சி சொல்வான்.

ஆனால் என் கதைக்கு நல்ல மீன் தேவைப்படவில்லை. கதைப்படி நாயகன், கண்மணி என்ற பெண்ணைப் பரிசலில் அழைத்துப் போய்க் காதலைச் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் வயிறு கலங்க வேண்டும். கண்மணி மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனை நிரந்தரமாகப் பிரிய வேண்டும். (சோகக் கதை.) வயிறு கலங்க ஒரு காரணம் வேண்டுமே? 'பரிசல் துறைக்குப் போகும் வழியில், நீல பெயிண்ட் அடித்த, புங்க மரத்தடி மணி மீன் கடையில், முறுக்கு மீசைக்கார மணி வறுத்துக் கொடுத்த நாற்றமெடுத்த மீன்' என்று எழுதினேன். பெயர், வழி, மரம், மீசை எல்லாம் நிஜம். மீன் ஒன்றுதான் பொய்.

இந்தக் கதையை ஒரு இணைய இதழ் போட்டுவிட்டது. போடுவதற்கு முன் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, இந்தக் கம்பெனிகள் எல்லாம் உங்களுக்கு ஏதாவது வேண்டியவையா என்று மட்டும் கேட்டார். நான் யதார்த்தவாதம் என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பென்னாகரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் வளர்மதி, மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் வேலை. பெண் பார்க்கப் போனபோது எங்கள் இரண்டு பேரையும் கொல்லைப்புறத்தில் பேசவிட்டார்கள். எதைப் பேசுவது என்று தெரியாமல், கதை எழுதுவேன் என்றேன். ஒரு கதை சொல்லச் சொன்னார். என்னுடைய மிகச் சோகமான கதையைச் சொன்னேன். நாயகன் சாகிற இடத்தில் வளர்மதி சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, அவன் சாவறதுக்கு முன்னாடி எதுக்கு பவுடர் பேர சொல்றான்?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. என் கதையை அவ்வளவு கவனமாக அதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று பஸ்ஸில் வரும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கும் சந்தோஷம். சந்தோஷம் தாங்காமல் ஒரு காரியம் செய்தார். என் கதையின் லிங்க்கை, தான் ஒரு வரிகூடப் படிக்காமல், 'என் பையன் எழுதியது' என்று இரண்டு கும்பிடும் போட்டு வளர்மதிக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வளர்மதியே போன் செய்தார். கதை படித்ததாகவும், அதில் வருகிற மீன் கடை கற்பனையா நிஜமா என்றும் கேட்டார். என் வாழ்நாளில் ஒரு வாசகர் கேட்ட முதல் கேள்வி. விடுவேனா? யதார்த்தவாதம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டேன், அந்தக் கடை நிஜம், அந்த ஆள் நிஜம், மீசையில் எத்தனை முறுக்கு என்பதுகூட நிஜம் என்று அளந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வளர்மதி சொன்னார்:

"அது எங்க தாய்மாமன் கடைங்க."

(இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது. கதைக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய கலக்கம்.)

தாய்மாமன் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிலும் வளர்மதி வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். வளர்மதியின் அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலையில் இருந்தவரைக்கும் கத்தித் தீர்த்துவிட்டதாலோ என்னவோ, ஓய்வுக்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார். எதைக் கேட்டாலும் மச்சானைக் கையைக் காட்டிவிடுவார். அந்த மச்சான் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் எங்கள் வீட்டில் கை நனைப்பார், அதாவது சாப்பிடுவார். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனால், நான் வேறு கண்மணியைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

மாமா இன்னும் படிக்கவில்லை, கடையில் இருந்தால் போனை எடுக்கவே மாட்டார், அவர் பார்ப்பதற்குள் கடைப் பெயரை மாற்றிவிடுங்கள் என்றார் வளர்மதி. நான் உடனே ஆசிரியரைப் பிடித்தேன். திருத்திய கதையை அனுப்புங்கள், பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிடுகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்தேன். மணிக்குப் பதில் என்ன பெயர் வைப்பது? வந்த ஆபத்தை நினைத்து வாய் தானாக 'கோவிந்தா' என்றது. கோவிந்தசாமி! யோசிக்க யோசிக்க அது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கே வியப்பாக இருந்தது. மணி, மணியை, மணிக்கு, மணியின். கோவிந்தசாமி, கோவிந்தசாமியை, கோவிந்தசாமிக்கு, கோவிந்தசாமியின். இரண்டும் இகரத்தில் முடிவதால் வேற்றுமை உருபு பிசிறில்லாமல் ஒட்டும். ஃபைண்டில் 'மணி', ரீப்ளேஸில் 'கோவிந்தசாமி'. எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அமுக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மாற்றிய இடங்களின் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் காட்டியது. மணி அத்தனை தடவையா கதையில் வருகிறார் என்று கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன். துணைப் பாத்திரத்துக்கும் இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோமே என்று பெருமையும்பட்டேன். படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

அந்தப் பொத்தானை அமுக்குவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்று பையன்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவன் நான்தான் என்பதை இங்கே தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆசிரியரும் என்னை மாதிரியே நம்பிக்கையானவர். படிக்காமல் போட்டுவிட்டார். புது லிங்க்கை வளர்மதிக்கு அனுப்பி, இனி மாமாவே தாராளமாகப் படிக்கலாம் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அதில் ஒரு குறும்பு இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கட்டைவிரல்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் வடை, பாயசம், ஏழெட்டுக் காய்கறி என்று அம்மா அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தார். ஒத்தாசைக்கு வந்த தாமஸ் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் திருத்திய கதையைப் படிப்போமே என்று போனை எடுத்தான். சிறிது நேரத்தில் ஒரு மாதிரி சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறான், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினான்.

கதையின் முதல் வரி: 'காலை ஆறு கோவிந்தசாமிக்கு அவன் கண் விழித்தான்.'

எனக்குக் கண் இருட்டியது. அடுத்த வரி. 'தூரத்தில் கோயில் கோவிந்தசாமி அடித்துக்கொண்டிருந்தது.' நாயகன் குளித்து, பவுடர் பூசி, கோவிந்தசாமிபர்ஸை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்கோவிந்தசாமி அவனுக்கு வழி சொன்னாள். அவளை அவன் 'ரொம்ப நன்றிங்க அம்கோவிந்தசாமி' என்று வணங்கினான். வயலில் நெல்கோவிந்தசாமிகள் காற்றில் அசைந்தன. பரிசலில் எதிரே அமர்ந்திருந்தாள் அவனுடைய கண்கோவிந்தசாமி. அவள் கோவிந்தசாமிகோவிந்தசாமியாகப் பேசினாள். அவன் அவளுடைய கோவிந்தசாமிக்கட்டைப் பற்றினான். அவன் நெற்றியில் வியர்வை கோவிந்தசாமிகள் துளிர்த்தன.

"எங்க சர்ச்சுலயும் இனி கோவிந்தசாமி அடிக்கும்னு ஃபாதர்கிட்ட சொல்லிடறேன்" என்றான் தாமஸ், பேச்சு திரும்பியதும்.

ஆசிரியருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அணைத்து வைத்திருந்தார். வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. என்னை நானே தேற்றிக்கொண்டேன். போகட்டும், ஊரே சிரிக்கட்டும். மணி என்ற பெயர் கதையில் எங்கேயும் இல்லை. அதைத்தானே வளர்மதி கேட்டார்? தாய்மாமன் தப்பித்தார், நானும் தப்பித்தேன்.

வழக்கப்படி பெண் வரவில்லை. வேனிலிருந்து வளர்மதியின் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் சிலர் இறங்கினார்கள். கடைசியாக அந்த மீசை இறங்கியது. கையில் மூடி போட்ட ஒரு பெரிய தூக்குப்போசி. எங்கள் சித்தப்பா முன்னால் போய்க் கைகூப்பி, நீங்கள்தான் தாய்மாமனா என்று விசாரித்தார்.

"ஆமாங்க. எம்பேரு கோவிந்தசாமிங்க" என்றார் அவர்.

தாமஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்தா, அவன் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் ஒன்று. மணி என்பது ஒகேனக்கல் முழுக்கக் கூப்பிடுகிற பெயர். உலகத்தில் உள்ள அத்தனை பெயர்களிலும் நான் பொறுக்கி எடுத்தது அவருடைய ரேஷன் கார்டுப் பெயரை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா மோர் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். தூக்குப்போசியைக் காலருகில் நகர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க கத கேட்டனுங்க. எனக்குக் கண்ணாடி இல்ல, வளருதான் படிச்சுக் காட்டுச்சு. சில சந்தேகம் இருக்குதுங்க."

கேளுங்கள் என்றேன்.

"காலையில ஆறு கோவிந்தசாமிக்கு எந்திரிச்சான்னு போட்டிருக்கீங்க. நாங்க ஆறு பேரு எங்கிருந்து வந்தோம்? அது போவட்டும். கோயில்ல கோவிந்தசாமி அடிச்சுதுன்னு இருக்குது. நான் யாரைங்க அடிச்சேன், அதுவும் கோயில்ல வெச்சு?"

அவருடைய சொந்தக்காரர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மீசைக்காரர் சிரிக்கவில்லை. போர்டில் மணி என்றுதான் இருக்கிறது, ரேஷன் கார்டுப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது, எங்களைப் பற்றி மறைமுகமாக விசாரித்தீர்களா என்று கேட்டார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பாயசம் திரிந்திருக்கும்.

"அதெல்லாம்கூட வுட்டுறலாங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மீனு நாத்தம்னு எழுதிட்டீங்களே, அதான் தாங்கல. காலையில ஆத்துல புடிச்சத மதியம் வறுக்கறேன். மிஞ்சுனா நாய்க்குப் போடுவனே தவிர மறுநா வெச்சு வித்ததில்ல. எங்கடையில தின்னுட்டு ஒருத்தரு வயித்த வலிக்குதுன்னு சொன்னதில்லைங்க."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அடித்ததாக எழுதியதையும் ஆறு பேராக்கியதையும் பொறுத்துக்கொண்ட மனிதர், மீனில் வந்து உடைந்துபோனார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மீன் மேல் எந்தக் குற்றமும் இல்லை, முள்ளைக்கூட விடாமல் தின்றேன், கதைக்கு ஒரு வயிற்றுவலி வேண்டியிருந்தது, முதலில் மணி என்றுதான் எழுதியிருந்தேன், உங்கள் கடை என்று தெரிந்ததும் பயந்துபோய் மாற்றினேன், மாற்றும்போது கோயில் மணியும் சேர்ந்து மாறிவிட்டது. தாமஸும் எழுந்து, மாதா மேல் ஆணையாக இவன் முள்ளைக்கூட விடவில்லை என்றான்.

அவர் தூக்குப்போசியைத் திறந்தார். உள்ளே வாழை இலையில் சுற்றிய வறுத்த மீன். வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அம்மா பதறிப்போய், நல்ல காரியம் பேசுகிற இடத்தில் கவிச்சியா என்றார்.

"உள்ள வேண்டாங்க. வாசல்ல வெச்சே தம்பி சாப்புடட்டும். வயிறு வலிக்குதான்னு நான் பாக்கோணும்."

ஆகவே வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி சகிதம் நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்து மீன் தின்றேன். இரண்டு குடும்பங்களும் வாசல்படியில் நின்று என் வயிற்றையே பார்த்தன. எதிர்வீட்டுக்காரர்கள் காரணம் தெரியாமலே வந்து நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு சோதனை இருப்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் துண்டு பயத்தில் இறங்கவே இல்லை. இரண்டாவது துண்டில் பயம் மறந்துபோனது. மூன்றாவது துண்டில் மானமும் மறந்துபோனது. கடைசியில் இலையை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மீசைக்குக் கீழே எதுவோ அசைந்த மாதிரி இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "சரிங்க தம்பி. எம்பேர எதுக்கு எடுத்தீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல மணி மீன் கடைன்னு இருந்துச்சுன்னீங்கல்ல. அதத் திருப்பிப் போடுங்க. கோவிந்தசாமின்னா எங்கூரு போஸ்ட்மேனுக்கே தெரியாது. மணின்னா பெங்களூர்லருந்து கேட்டுக்கிட்டு வருவாங்க. பேரு இருக்கோணும், மரம் இருக்கோணும், நீல பெயிண்டு இருக்கோணும். மீன மட்டும் நல்லதாக்கிடுங்க."

செய்துவிடுகிறேன் என்றேன். ஆனால் அப்படியானால் வயிற்றுவலி எதனால் வந்தது? கதை தொங்குகிறதே? இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கல்யாணம் பேச வந்த இரண்டு குடும்பங்களும் கதை பேச ஆரம்பித்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசோறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மாமா. என் அம்மா உடனே குறுக்கிட்டு, எங்கள் வீட்டுப் புளிசோற்றுக்கு என்ன குறை என்று கேட்டார். பொம்மிடி டீக்கடை வடை என்றார் ஒரு சொந்தக்காரர். அந்த டீக்கடைக்காரர் எங்கள் சித்தப்பாவின் சம்பந்தி. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் என்று வாயைத் திறந்த தாமஸ், அது தன் மச்சான் கடை என்று நினைவு வந்து மூடிக்கொண்டான். ஒரு ஜில்லாவில் ஒருவனுக்கு நிம்மதியாக வயிறு வலிக்க ஓர் இடம் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். பேச்சு முற்றிக்கொண்டே போனது. சம்பந்தம் புளிசோற்றில் முறிந்துவிடும் போலிருந்தது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். வளர்மதியின் அப்பா பேசினார்.

"பரிசல அந்தச் சுத்து சுத்துனா எவனுக்குத்தான் வயித்தப் பொரட்டாது?"

எவ்வளவு எளிய விஷயம்! ஆறு யாருக்கும் சம்பந்தி இல்லை. ஆற்றுக்கு ரோஷமும் வராது. மாமா அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கீழே வைத்திருந்த மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். சொம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே போனேன். அவர் இலையில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவர் நிமிராமலே சொன்னார்:

"மாப்ள, அந்த ஊறுகாய இப்படிக் கொண்டாங்க."

தம்பி மாப்பிள்ளையானது அந்த ஊறுகாயில்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சமாளித்தேன். (நான் ஊறுகாயைத் தொடக்கூட இல்லை.)

வேன் போனதும் போனில் வளர்மதியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'ஏழு கோவிந்தசாமிக்குக் கூப்பிடுகிறேன்.' சரியாக ஏழுக்குக் கூப்பிட்டார். மாமாவிடம் படித்துக் காட்டுவதற்கு முன்பே தான் படித்துவிட்டதாகவும், சிரித்துச் சிரித்துக் கடையில் ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் தலைவலி மாத்திரை கொடுக்கப் பார்த்ததாகவும் ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் ஏன் அவருக்குப் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மாமாவுக்கு எப்படியும் ஒருநா தெரியும்ல. வெறும் கசப்பு மருந்தக் குடுத்தா துப்பிடுவாரு. உங்க கோவிந்தசாமியத் தேனு மாதிரிக் கொழச்சுக் குடுத்தேன்."

கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எப்படிப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டபோது அவரே வந்து சொன்னார்: கோவிந்தசாமி (எ) மணி. இரண்டுமே போடவேண்டும், ஒன்றை எடுத்தாலும் ஊரில் கதை கட்டிவிடுவார்கள், மாப்பிள்ளையே கட்டுவார் என்று. கதையையும் திருத்தி எழுதிக் கொடுத்தேன். இப்போது அதில் மீனைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி வருகிறது. பரிசல் துறையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்கிற விவரம் உட்பட. அதைக் கதை என்பதைவிட வழிகாட்டிப் பலகை என்பதே பொருத்தம். மாமா அதை அச்செடுத்து லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதுதான். பெரும்பாலானவர்கள் வாயில் மீனோடு படித்தவர்கள்.

கல்யாணத்துக்கு அவர் செய்த சீரில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரமும் உண்டு. அதன் முகத்தில், முட்களுக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் 'அன்பளிப்பு: கோவிந்தசாமி (எ) மணி, மணி மீன் கடை, ஒகேனக்கல்' என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனாலோ என்னவோ, வீட்டில் நேரத்துக்கு வேறு பெயரே இல்லை. ஸ்கூல் வேன் எட்டு கோவிந்தசாமிக்கு வரும். ஒன்பது கோவிந்தசாமிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். என் மகள் வகுப்பில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் மூணரை கோவிந்தசாமி என்று பதில் சொல்ல, நானும் வளர்மதியும் பள்ளிக்கூடத்துக்குப் போய் விளக்கம் கொடுத்துவிட்டு வந்தோம்.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்தவர், ஊருக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணாடியைத் தேடிக்கொண்டே என் மகளிடம் கேட்டார்:

"மணி என்னாச்சு கண்ணு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணும் ஆவல தாத்தா. நல்லாத்தான் இருக்கறீங்க."